விற்பனைப் புத்தகத்தைக் கேளுங்கள்

கேள்வி: கிழக்கு ஆப்பிரிக்காவில் காலையில் பாடமும் பிற்பகலில் தையல், தச்சு, வெல்டிங்கும் சொல்லித்தரும் ஓர் அறக்கட்டளைப் பள்ளிக்கு எங்கள் குடும்பம் ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்ப நினைக்கிறது. இத்தகைய பள்ளிகளில் படித்தவர்களுக்கு உண்மையில் வேலை கிடைக்கிறதா? எதைப் பார்த்து முடிவு செய்வது? அவர்கள் அனுப்பிய ஆண்டறிக்கையை இணைத்திருக்கிறேன்.

பதில்:

நான் கல்வியாளன் அல்லன், கணக்கன். கென்யாவில் வேலை பார்த்த காலத்தில் இப்படிப்பட்ட சில பள்ளிகளின் பேரேடுகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஆகவே இந்தப் பதிலில் கல்வித் தத்துவம் குறைவாகவும் ரசீது வாடை கூடுதலாகவும் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கிடையாது. உகாண்டாவில் 1,700 இளைஞர்களையும் 1,500 சிறு தொழிற்கூடங்களையும் நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2020-இல் வெளியானது. வங்கதேசத்தில் பிறந்த பிராக் என்ற தொண்டு நிறுவனத்துடன் சேர்ந்து நடத்தியது. இளைஞர்களில் சிலரை ஆறு மாதம் தொழிற்பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வேறு சிலரை நேரே கடைகளிலும் பட்டறைகளிலும் சேர்த்து, பழக்கிவிடுவதற்காக முதலாளிக்கு மானியம் கொடுத்தார்கள். இரு வகையினரும் முன்னேறினார்கள். ஆனால் பள்ளி வழி வந்தவர்களின் வருமானம் 34 சதவீதம் உயர்ந்தது, பட்டறை வழி வந்தவர்களுக்கு 20 சதவீதம்தான். காரணம் எளிது. ஒரு முதலாளியிடம் கற்றவனுக்கு அந்த முதலாளியின் வேலைதான் தெரியும். பள்ளியில் கற்றவன் கையில் சான்றிதழோடு அடுத்த ஊருக்குப் போய்க் கதவைத் தட்டலாம்.

இதைப் படித்துவிட்டு உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். எல்லைக்கு இந்தப் பக்கம், மேற்குக் கென்யாவில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களிடையே வேறோர் ஆய்வு நடந்தது. தொழிற்பள்ளிக் கட்டணத்துக்கான சீட்டை ஒரு பகுதியினருக்குக் கொடுத்து, கொடுக்காதவர்களோடு ஒப்பிட்டார்கள். சராசரி வருமானத்தில் சொல்லும்படியான உயர்வு தெரியவில்லை. பக்கத்துப் பக்கத்து நாடுகள், ஏறத்தாழ அதே தொழில்கள், விளைவு மட்டும் வேறு. எனவே ‘தொழிற்பள்ளி’ என்ற பெயர்ப்பலகையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பட்டறைக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

உள்ளே போகுமுன் கொஞ்சம் பழங்கதை. இந்தப் பள்ளிகளுக்கான பணத்தகராறு அத்தனையையும் ஒரே ஊரில் பார்க்க வேண்டுமென்றால் போட்ஸ்வானாவின் செரோவேக்குத்தான் போக வேண்டும். பாட்ரிக் வான் ரென்ஸ்பர்க் தென்னாப்பிரிக்க வெள்ளையர். பெல்ஜியக் காங்கோவில் தம் நாட்டின் துணைத் தூதரக அதிகாரியாக இருந்தவர், நிறவெறி அரசுக்கு ஊழியம் செய்ய மனமில்லாமல் 1957-இல் வேலையை உதறினார். லண்டனில் தென்னாப்பிரிக்கப் பொருள் புறக்கணிப்பு இயக்கத்தில் வேலை செய்தார். ஊர் திரும்பியபோது கடவுச்சீட்டு பறிபோனது. நாட்டை விட்டுத் தப்பினார். அலைந்து திரிந்து, அன்று பெச்சுவானாலாந்து என்று அழைக்கப்பட்ட பிரிட்டிஷ் காப்பு நாட்டில் செரோவே என்ற பெரிய கிராமத்துக்கு வந்து, 1963-இல் ஸ்வானெங் குன்றருகே ஓர் உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். அந்த நாடு முழுவதற்குமே உயர்நிலைப் பள்ளிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. கட்டடம் கட்டப் பணம் இல்லாததால் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்தே வகுப்பறைகளைக் கட்டினார்கள்.

பள்ளிக்கு வெளியே இன்னொரு கூட்டம் நின்றது. ஆரம்பப் பள்ளியை முடித்துவிட்டு மேலே படிக்க இடம் கிடைக்காத பிள்ளைகள். அவர்களுக்காக 1965-இல் கொத்தனார் பிரிகேட் என்று ஒன்றை வான் ரென்ஸ்பர்க் தொடங்கினார். பிரிகேட் என்றால் படை. வாரத்தில் நான்கு நாள் கட்டட வேலை, ஒரு நாள் வகுப்பு: ஆங்கிலம், கணக்கு, நாட்டு வளர்ச்சி பற்றிய பாடம். எத்தனை கல், எத்தனை மூட்டை சிமெண்ட், வாசலுக்கும் சன்னலுக்கும் எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதுதான் கணக்கு வகுப்பு. கட்டிய கட்டடத்துக்கு வரும் கூலியிலிருந்து பயிற்சியாளர் சம்பளமும் சிமெண்டும் பிள்ளைகளின் சாப்பாடும் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. கட்டணம் வாங்காத பள்ளி, நன்கொடையையும் எதிர்பாராத பள்ளி. தச்சர், மெக்கானிக், தோல் பதனிடுவோர், நெசவாளர், உழவர் என்று பிரிகேட்டுகள் பெருகின. பிறகு மற்ற ஊர்களும் தொடங்கின.

கணக்கன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வேன். பிரிகேட் தன் காலில் நிற்கிறது என்று எழுதியபோது ஒரு செலவு ஏட்டில் ஏறவில்லை. பயிற்சியாளர்களில் பலர் பிரிட்டன், அமெரிக்கா, ஸ்காண்டினேவிய நாடுகளிலிருந்து வந்த தொண்டர்கள். அவர்களுக்கான படியை அவரவர் நாட்டு அமைப்புகள் கொடுத்தன. கருவிகளும் முதல் கட்டடங்களும் நன்கொடையாக வந்தவை. இதை ஏமாற்று என்று சொல்லமாட்டேன், ஒரு பள்ளி நிமிர அது தேவை. ஆனால் தொண்டர் போய், உள்ளூர் ஆளுக்குச் சந்தைச் சம்பளம் கொடுக்கும் நாளில்தான் உண்மையான கணக்கு தொடங்குகிறது. ‘தன்னிறைவு’ என்ற சொல்லை ஆண்டறிக்கையில் பார்க்கும்போதெல்லாம், யாருடைய சம்பளம் இந்தப் பக்கத்தில் இல்லை என்று தேடிப் பார்ப்பது என் வழக்கம்.

எல்லாப் பிரிகேட்டும் ஒன்றுபோல் நிற்கவில்லை என்பது இன்னும் முக்கியமானது. கொத்தனார்கள் பிழைத்துக்கொண்டார்கள். 1966-இல் நாடு விடுதலை பெற்றது, தலைநகரே புதிதாக எழுந்துகொண்டிருந்தது. பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் என்று எங்கும் கட்டட வேலை. சுவரைத் தென்னாப்பிரிக்காவிலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவர முடியாது. துணியையும் செருப்பையும் கொண்டுவரலாம். இரு நாடுகளும் ஒரே சுங்க ஒன்றியத்தில் இருந்ததால் ஆலைச் சரக்கு எல்லை தாண்டித் தடையில்லாமல் வந்து இறங்கும். பதினேழு வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டே நெய்யும் துணி அதோடு விலையில் எப்படிப் போட்டியிடும்? இரண்டு பிரிகேட்டிலும் பாடத்திட்டம் நன்றாகத்தான் இருந்தது. ஒன்றின் பொருளுக்கு ஊரில் ஆள் காத்திருந்தார்கள், மற்றதன் பொருளுக்கு இல்லை.

வான் ரென்ஸ்பர்கின் பெரிய தோல்வி வேறிடத்தில் நேர்ந்தது. பிரிகேட் பிள்ளைகள் மண்வெட்டி பிடித்தார்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்களோ போகப்போக முரண்டு பிடித்தார்கள். தேர்வில் தேறினால் அரசு அலுவலகத்தில் நாற்காலி காத்திருக்கிறது என்று தெரிந்தவனிடம், சனிக்கிழமை வந்து கல் சும என்றால் அவன் ஏன் சுமப்பான்? 1970-களில் ஸ்வானெங் மற்ற உயர்நிலைப் பள்ளிகளைப் போலவே ஆகிவிட்டது. 1981-இல் அவருக்கு ஸ்வீடனின் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. பிரிகேட்டுகளைப் பின்னாளில் அரசே எடுத்துக்கொண்டது. 2017-இல் அவர் இறந்தபோது, அவர் தொடங்கிய ‘ம்மெகி’ செய்தித்தாள் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

மாணவர்களின் முரண்டைச் சோம்பல் என்று தள்ளிவிடக் கூடாது. எல்லைக்கு அப்பால் தென்னாப்பிரிக்காவில் 1953-இல் பாண்டு கல்விச் சட்டம் வந்திருந்தது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் வெர்வூர்ட், வெள்ளையர் சமூகத்தில் சிலவகை உடலுழைப்புக்கு மேல் கறுப்பருக்கு இடமில்லை, ஆகவே அதற்கேற்ற கல்வி போதும் என்று வெளிப்படையாகவே பேசினார். அத்தகைய நாட்டிலிருந்து வந்த ஒரு வெள்ளையர், நோக்கம் எவ்வளவு தூயதாக இருந்தாலும், கறுப்புப் பிள்ளையின் கையில் கரணையைக் கொடுத்தால் தகப்பன் என்ன நினைப்பான்? தொழிற்கல்வி என்றால் இரண்டாந்தரக் கல்வி என்ற எண்ணம் ஆப்பிரிக்கா முழுதும் ஊறிக்கிடக்கிறது. அது அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது.

இதே தொழிற்கல்வியைக் கறுப்பர்களே விரும்பி எடுத்துக்கொண்டதும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டன் நடத்திய டஸ்கீகி பள்ளியைப் பார்த்துவிட்டு வந்த ஜான் டூபே, டர்பனுக்கு அருகே இனாண்டாவில் 1901 வாக்கில் ஒலாங்கே பள்ளியை நிறுவினார். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவரானவர் அவர். 1994-இல் மண்டேலா தம் வாழ்நாளின் முதல் வாக்கைப் போட்டது அந்தப் பள்ளி வளாகத்தில்தான். காந்தியின் ஃபீனிக்ஸ் குடியிருப்பு அதற்குக் கூப்பிடு தூரம்.

காந்தி என்றதும் கிளைக்கதை ஒன்று, சொல்லாமல் விட மனம் வரவில்லை. டர்பனுக்கு மேற்கே மரியன்ஹில் என்ற இடத்தில் டிராப்பிஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகள் 1882 முதல் ஒரு மடம் நடத்தினார்கள். ஜூலு இளைஞர்களுக்கு எழுத்தோடு கொல்லுவேலை, தோல்வேலை, அச்சுவேலை எல்லாம் அங்கே கற்றுத் தந்தார்கள். 1890-களில் அதைப் போய்ப் பார்த்த காந்தி மலைத்துப்போனார். 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபோது, பண்ணைக்கு 1,100 ஏக்கர் நிலம் கொடுத்த நண்பர் காலன்பாக் அந்த மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்றார், பண்ணையில் இருந்த பிள்ளைகள் கற்றார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் தமிழர். தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்ததால் அவர்களுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அரைகுறைத் தமிழ் தெரிந்த காந்திதான் அவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தார். நன்கொடையில் நடந்த, கைத்தொழிலும் பாடமும் கலந்த ஓர் ஆப்பிரிக்கப் பள்ளியில் நம் பிள்ளைகளும் படித்திருக்கிறார்கள்.

இனி நான் கண்ணால் பார்த்தது. கென்யாவில் விடுதலைக்குப் பிறகு ஆரம்பப் பள்ளி முடித்தவர்கள் லட்சக்கணக்கில் தெருவில் நின்றார்கள். 1966-இல் அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் இதுபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதிலிருந்து கிராமப் பாலிடெக்னிக்குகள் பிறந்தன. பெயர்தான் பெரியது. தகரக் கூரை, மண் தரை, ஒரு தச்சு மேசை, நான்கு தையல் எந்திரம், கிராமத்துப் பிள்ளைகள். நான் தணிக்கைக்குப் போன ஒன்று விக்டோரியா ஏரிப் பக்கம் இருந்தது. நடத்தியவர்கள் உள்ளூர்த் திருச்சபையினர், பணம் ஐரோப்பாவிலிருந்து வந்தது.

முதல் நாள் தச்சுப் பிரிவின் விற்பனைப் புத்தகத்தைப் புரட்டினேன். மேசை இரண்டு, நாற்காலி ஆறு, பள்ளிப் பெஞ்சு நான்கு, பிறகு ‘பெட்டி’ ஒன்று, ‘பெட்டி’ ஒன்று, ‘பெட்டி’ இரண்டு. துணிப்பெட்டியாக இருக்கும் என்று நினைத்து, ஒரே பெயரில் ஏன் விலை மாறுகிறது என்று தச்சு வாத்தியாரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஐயா, அளவு எடுக்க ஆள் எழுந்து நிற்கமாட்டார்” என்றார். சவப்பெட்டி. அந்தப் பகுதியில் சாவு வீடு பெரிய வீடு. நல்ல பெட்டியில் வைத்து அனுப்பாவிட்டால் குடும்பத்துக்குத் தலைகுனிவு. ஆண்டு முழுதும் குறையாத வரவு அது ஒன்றுதான். நன்கொடையாளருக்குப் போன அறிக்கையில் ‘மரச்சாமான் தயாரிப்பு’ என்று எழுதி, நாற்காலிப் படம் போட்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெட்டிகள்மேல் மரியாதை உண்டு. பலகையின் மூலை ஒட்டவேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும், மூடி சரியாக அமர வேண்டும், விடிவதற்குள் முடிய வேண்டும். அந்தப் பிரிவில் படித்த பையன்கள் சாலையோரத்தில் கடை போட்டுப் பிழைத்தார்கள். கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்து தகரமும் மரமும் வேலை செய்யும் இத்தகைய தொழிலுக்குக் கென்யாவில் ‘ஜுவா காலி’ என்று பெயர், சுவாஹிலியில் சுடுவெயில் என்று பொருள். நாட்டின் பெரும்பாலான வேலை அங்கேதான் இருக்கிறது. தொழிற்பள்ளி என்றால் தொழிற்சாலைக்கு ஆள் அனுப்பும் இடம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தொழிற்சாலை இருந்தால்தானே.

தையல் பிரிவில் கதை தலைகீழ். வரவு அமோகம். பக்கத்துப் பள்ளிகளின் சீருடை ஆர்டரைப் பிடித்திருந்தார்கள். அறிக்கையில் ‘தன்னிறைவை நோக்கி’ என்று தலைப்பு. நான் போய் உட்கார்ந்து பார்த்தேன். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் காலர். மூன்றாம் நாள் கேட்டேன், முழுச் சட்டை வெட்டத் தெரியுமா என்று. கத்தரிக்கோல் வாத்தியாரம்மாவிடம்தான் இருக்கும் என்றாள். ஒருத்தி காலர், ஒருத்தி கை, ஒருத்தி பொத்தான் துளை என்று பிரித்துக்கொடுத்தால் ஆர்டர் சீக்கிரம் முடியும். துணி வீணாகக் கூடாது என்பதால் வெட்டுவது மட்டும் வாத்தியாரம்மா. கணக்குப்படி அது வளாகத்திலேயே சிறந்த பிரிவு. இரண்டு ஆண்டு கழித்து அந்தப் பெண் கடைத் திண்ணையில் எந்திரம் போட்டு உட்கார்ந்தால், அளவெடுத்துத் துணி வெட்டத் தெரியாமல் என்ன செய்வாள்? என் தணிக்கைக் குறிப்பில் இதை எழுத எந்தக் கட்டமும் இல்லை. வரவு குறைவாக இருந்தால் மட்டும் விளக்கம் கேட்கும் படிவம் அது.

செரோவேயில் தொடங்கிய தகராறு இதுதான். விற்பனை இல்லாத பட்டறையில் பிள்ளைகள் ஒரே பலகையை இழைத்து இழைத்துக் குப்பையில் போடுகிறார்கள், விற்க வேண்டிய தரம் என்னவென்றே அவர்களுக்குத் தெரிவதில்லை. விற்பனை மிகுந்த பட்டறையோ பயிற்சியைத் தின்றுவிட்டுப் பிள்ளையைக் கூலியில்லா வேலையாளாக்கிவிடுகிறது. நான் பார்த்த நல்ல பள்ளிகள் இரண்டுக்கும் நடுவில் ஆண்டு முழுதும் தள்ளாடிக்கொண்டே இருந்தன.

அதே வளாகத்தில் சரக்கறையில் பன்னிரண்டு மின்சாரத் தையல் எந்திரங்கள் பிளாஸ்டிக் உறையோடு இருந்தன. யாரோ மனமுவந்து அனுப்பியவை. பள்ளிக்கு அப்போது மின் இணைப்புக் கிடையாது. இணைப்பு வந்தாலும் அந்தப் பெண்களின் வீட்டில் வராது. அவர்களுக்கு வேண்டியது மிதி எந்திரம். பிரிட்டனில் ‘டூல்ஸ் ஃபார் செல்ஃப் ரிலையன்ஸ்’ என்ற அமைப்பு, வீடுகளில் துருப்பிடித்துக் கிடக்கும் உளி, இழைப்புளி, தையல் எந்திரங்களைச் சேகரித்து, தொண்டர்களைக் கொண்டு தீட்டிச் செப்பனிட்டு ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறது. பழைய இழைப்புளி என்று முகம் சுளிக்க வேண்டாம். படிப்பு முடித்துப் போகும் தச்சனிடம் சொந்தக் கருவி இல்லாவிட்டால் அவன் வேறொருவனுக்குப் பலகை தூக்கப் போவான்.

பெண்களைப் பற்றி ஒன்று. முன்னே சொன்ன மேற்குக் கென்ய ஆய்வில், மோட்டார் மெக்கானிக் போன்ற ஆண்கள் தொழிலில் தையலைவிட வருமானம் அதிகம் என்ற தகவலைச் சேருமுன்பே சொன்னபோது, அவற்றை விரும்பிய பெண்களின் எண்ணிக்கை கூடியது. உகாண்டாவில் பிராக் நடத்திய பெண்கள் மன்றங்களில் தொழிலோடு உடல்நலம், திருமணம், குடும்பம் பற்றிய பேச்சும் சேர்ந்திருந்தது. மன்றம் நடந்த ஊர்களில் பதின்வயதுக் கர்ப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வு காட்டியது. கருத்தரித்ததால் பாதியில் நின்ற பிள்ளைகளின் பெயர்களை வருகைப் பதிவேட்டில் சிவப்பு மையால் அடித்திருந்ததைப் பார்த்தவன் என்ற முறையில், எனக்கு வருமானப் புள்ளிவிவரத்தைவிட அது பெரிதாகப்படுகிறது.

சந்தையையும் பயிற்சியையும் ஓரளவு பொருத்திக் காட்டிய இடம் என்றால் மேற்கே பெனின் நாட்டின் சொங்காய் மையத்தைச் சொல்வேன். நைஜீரியாவில் பிறந்த, டொமினிக்கன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவி காட்ஃப்ரி ன்சாமுஜோ 1985-இல் போர்ட்டோ நோவோவில், அரசு கொடுத்த ஒரு ஹெக்டேர் நிலத்தில் தொடங்கியது. அங்கே கற்றுத் தருவது வேளாண்மை. கோழிக் கழிவில் புழு வளர்த்து மீனுக்கு இரையாக்குகிறார்கள், சாணமும் ஆகாயத்தாமரையும் எரிவாயுவாகின்றன, விளைந்தது வளாகத்துக் கடையிலும் உணவகத்திலும் விற்கிறது. பிள்ளைகள் எல்லாப் பிரிவிலும் சுற்றி வர வேண்டும், ஒன்றரை ஆண்டுப் பயிற்சி. முடித்தவர்கள் ஊரில் பண்ணை போட்டால் மையத்தின் தொடர்பு விட்டுப்போவதில்லை. காலர் மட்டும் தைக்கும் சிக்கல் அங்கே இல்லை.

இப்போது நீங்கள் இணைத்த ஆண்டறிக்கை. முப்பது பக்கத்தில் இருபத்திரண்டு புகைப்படம். எல்லாப் படத்திலும் சிரிப்பு, ஒரு படத்தில்கூட வாடிக்கையாளர் இல்லை. ‘பயன்பெற்றோர்’ என்று ஓர் எண் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேர் அரசின் தொழில் தரத்தேர்வை எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்ற கணக்கு இல்லை. கென்யாவில் அந்தத் தேர்வு மூன்றாம் நிலையில் தொடங்கி முதல் நிலை வரை போகும். அந்தத் தாள் இல்லாவிட்டால் உகாண்டா ஆய்வில் கண்ட அந்த அடுத்த ஊர்க் கதவு திறக்காது. ‘இதர வருமானம்’ என்று ஒரு வரி இருக்கிறது, பிரித்துக் காட்டவில்லை. பட்டறை வருமானத்தை அதற்குள்தான் போட்டிருப்பார்கள் என்பது என் ஊகம். போன ஆண்டு வெளியேறியவர்களை யாராவது தேடிப்போய்ப் பார்த்தார்களா என்பதற்கும் பதில் இல்லை. பஸ் கட்டணமும் இரண்டு நாள் நேரமும் இருந்தால் முடிகிற வேலை அது.

குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இவற்றையெல்லாம் யாரும் கேட்காததால் அவர்களும் எழுதவில்லை. முதல் தொகையை அனுப்புமுன் மூன்றைக் கேளுங்கள்: ஒவ்வொரு பிரிவின் விற்பனைப் புத்தகத்திலிருந்து ஏதாவது ஒரு மாதத்தின் நகல், தரத்தேர்வு முடிவுகள், சென்ற ஆண்டு வெளியேறியவர்களில் பத்துப் பேர் இன்று எங்கே என்ன செய்கிறார்கள் என்ற விவரம். விற்பனைப் புத்தகம் கையெழுத்தில் கிறுக்கலாக, எண்ணெய்க் கறையோடு வந்தால் நல்லது. பளபளவென்று தட்டச்சு செய்து வந்தால் எனக்கு ஒரு நகல் அனுப்புங்கள், உட்கார்ந்து பார்க்கிறேன்.